நான் ‘ஆனா’ என்று சொன்ன இடங்கள்

1

நாங்கள் இருக்கும் கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரில் அக்காவோடு பேசுகிறாள், கொழுந்தனாரோடு சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். போன வருஷம் முழுக்க நான் அப்படித்தான் பேசிக்கொண்டு போனேன். மறுமுனையில் ஒருவரும் கிடையாது. எனக்கு நானேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதத்தோடு நான் அந்தமானுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து, கல்யாணமான ஆறாவது மாதம், சென்னையில் கப்பலேறி, மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினேன். என் கணவர் பாண்டியன் அப்போதே இங்கே எலெக்ட்ரீஷியன். இப்போது சின்னச் சின்ன வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். போன வருஷம் நான் ஒரு அங்கன்வாடியில் பணியாளர். ஒரே மகள் திவ்யா, இருபது வயது, ஹேவ்லாக் தீவில் ஒரு விடுதியில் வரவேற்பறை வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை படகில் வந்து போவாள்.

ஊரில் இருக்கும் என் தம்பி போன மாதம் போனில், “என்னக்கா, நீ பேசுறது இந்திக்காரி தமிழ் பேசுற மாதிரி இருக்கு” என்று சிரித்தான். ‘சப்ஜி வாங்கிட்டு வந்து கூப்பிடுறேன்’ என்று சொல்லிவிட்டேனாம். காய்கறி என்ற சொல் எனக்கு மறக்கவில்லை. வாய்க்குக் கிட்டத்தில் எது இருக்கிறதோ அது வந்துவிடுகிறது. சிரித்து முடித்துவிட்டு, “இருபத்திரண்டு வருஷமா அந்தத் தீவுல அப்படி என்னதான்க்கா செய்யுற?” என்று கேட்டான்.

இருபத்திரண்டு வருஷத்தையும் சொல்ல முடியாது. கடைசி ஒரு வருஷத்தைச் சொல்கிறேன்.

2

அங்கன்வாடிப் பணியாளராக இருப்பவர் மேற்பார்வையாளர் ஆவதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். நாற்பது வயதில் அஞ்சல்வழி பி.ஏ.வில் சேர்ந்தேன். மற்ற தாள்களை எப்படியோ தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டேன். ஒரே ஒரு தாள், ஆங்கிலக் கட்டுரைத் தாள், என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், வரிசை இல்லை, சொன்னதையே சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தது. அடுத்த பிறந்த நாளில் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவையும் போனால் அப்புறம் பட்டம் வாங்கி என்ன, வாங்காமல் என்ன.

ஆங்கிலம் தெரியாததுதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் உண்மை வேறு. அடுப்படியில் நிற்கும்போது எவ்வளவோ தோன்றும். துணி பிழியும்போது தோன்றும். தாளை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. பல்லி மாதிரி, வெளிச்சம் பட்டதும் எல்லாம் சந்துக்குள் போய்விடும்.

ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது திவ்யாவுக்குப் போன் போட்டு, கட்டுரையில் என்னென்ன எழுத நினைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் பேசும் மொழிகளைப் பற்றி. சொல்லச் சொல்ல ஊற்று மாதிரி வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று காதிலேயே மணி அடித்தது. திவ்யாதான்.

“மம்மி, லைன் கட்டாகி பத்து நிமிஷம் ஆச்சு. கப் ஸே, எப்பலேருந்து ட்ரை பண்றேன். நீ என்ன பண்ணிட்டிருந்த?”

“உங்கிட்டதான்டீ பேசிட்டிருந்தேன்.”

“என்கிட்ட நஹீ. நீ உன்கிட்டயே பேசிட்டிருந்த.” சிரித்தாள். “சரி, திரும்ப சொல்லு.”

திரும்பச் சொல்ல வரவில்லை. பத்து நிமிஷம் பேசியதில் ஒரு வரிகூடக் கையில் நிற்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அரே, ரோ மத், அழாத” என்றாள் அவள். “அடுத்த வாட்டி ரெக்கார்ட் பண்ணு மம்மி. போன்லயே இருக்கு. சிவப்பு பட்டன்.”

3

முதல் பதிவைத் திருப்பிக் கேட்டபோது போனைத் தூக்கி எறியத் தோன்றியது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நடுவில் குக்கர் விசில், கொல்லையில் கோழி, நான் யாரையோ ‘ஏய், அங்க போகாத’ என்று அதட்டுவது. பேச்சு அதைவிட மோசம். ‘இந்தப் புள்ளைங்களோட திமாக் எப்படி வேலை செய்யுதுன்னா’ என்கிறேன். மூளை என்று சொல்ல எனக்கு என்ன கேடு? ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. எல்லாம் பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

இருந்தாலும் விடவில்லை. பேருந்தில் பேசினேன். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அங்கன்வாடித் தாழ்வாரத்தில் மெதுவான குரலில் பேசினேன். சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே கேட்டேன். கேட்டதை ஒவ்வொன்றாகத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு தாளில் ஒரு விஷயம்தான். பிறகு அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி, எது முதலில், எது பிறகு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

“என்ன, சீட்டு விளையாடுறியா?” என்பார் இவர், தாண்டிப் போகும்போது. ஆனால் ஒரு தாளையும் மிதிக்க மாட்டார்.

ஏழெட்டுப் பதிவு கேட்ட பிறகு ஒன்று பிடிபட்டது. நான் ‘அது சரி, ஆனா’ என்று எங்கெல்லாம் சொல்கிறேனோ, அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு உண்மையில் தோன்றியது. அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது, கூட்டத்தில் அதிகாரிகள் சொல்வது, நாலு பேர் சொல்லிக் கேட்டது. ‘தாய்மொழியில கத்துக்கொடுத்தா குழந்தைக்கு நல்லா புரியும். அது சரி. ஆனா எங்க செண்டர்ல இருக்கிற புள்ளைங்களுக்கு அஞ்சு தாய்மொழி. நான் எதுல பேச?’ அந்த ‘ஆனா’வில்தான் என் கட்டுரை இருந்தது. இரண்டு தடவை திரும்பி வந்த கட்டுரைகளில் அந்தச் சொல்லே இல்லை. முன்பாதியை மட்டும் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அதிலிருந்து காலண்டர் தாளில் ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதை மட்டும் எழுதினேன்.

எங்கள் அங்கன்வாடியில் வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், ராஞ்சிக்காரப் பிள்ளைகள், மலையாளி, தமிழ் என்று எல்லாம் உண்டு. தண்ணீர் கேட்கும்போது எல்லாரும் ‘பானி’ என்றுதான் கேட்பார்கள். விளையாட்டு இந்தியில், சண்டை இந்தியில். கீழே விழுந்து முட்டி சிராய்த்தால் மட்டும் வீட்டு மொழி வரும். ராஞ்சிக்காரப் பையன் அம்மாவை ‘ஆயோ’ என்பான். வங்காளிப் பெண் ‘மா கோ’ என்று நீட்டுவாள். குழந்தை எந்த மொழியில் அழுகிறதோ அதுதான் அதன் மொழி, கற்பிக்கிறவள் முதலில் அந்த அழுகையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று என் கட்டுரையை அமைத்தேன்.

பதினோராவது பதிவில் இன்னொரு ‘ஆனா’ வந்தது. அது வேறு மாதிரி. அதைக் காலண்டர் தாளில் எழுதினேன், தரையில் வைத்துப் பார்த்தேன், பிறகு எடுத்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். அது இல்லாமலேயே கட்டுரை வரிசையாகத்தான் இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதப் பத்து நாள் ஆயிற்று. சின்னச் சின்ன வாக்கியங்கள். தாள்களைப் படமெடுத்துத் திவ்யாவுக்கு அனுப்பினேன். அவள் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினாள். கையால் பார்த்து எழுதி, கல்வி மையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

4

ஒரு மாதம் கழித்து மையத்திலிருந்து கடிதம் வந்தது. மதிப்பெண் இல்லை. இந்தக் கட்டுரை மாணவரே எழுதியதாகத் தோன்றவில்லை, முன்பு அனுப்பியவற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, நேரில் வந்து விளக்கம் தரவும் என்று இருந்தது. மையத்துக்குப் போன் போட்டேன். இந்தக் காலத்தில் போனிடம் கேட்டால் அதுவே கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்று ஒரு குரல் அலுப்பாகச் சொன்னது.

நன்றாக எழுதாதபோது திருப்பி அனுப்பினார்கள். நன்றாக எழுதினால் நீ எழுதவில்லை என்கிறார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

இவர் படித்துப் பார்த்துவிட்டு, “விடு இந்திரா” என்றார். “நீ என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும். அவங்க ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன?”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்னங்க? சர்டிபிகேட் நீங்களா தருவீங்க?”

நான் கோபமாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “எந்தத் தேதி போகணும்?” என்றார்.

போனில் பத்தொன்பது பதிவுகள் இருந்தன. நான் யோசித்தது அத்தனையும் தேதி, நேரத்தோடு அதில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டுவதென்று முடிவு செய்தேன். திவ்யாவிடம் சொன்னதும், “மே ஆவூங்கி, நானும் வர்றேன்” என்று விடுப்பு எடுத்துக்கொண்டு காலைப் படகில் வந்துவிட்டாள்.

5

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரு வங்காளி அம்மா. என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கடுகடுப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. எங்கள் பேச்செல்லாம் இந்தியில்தான் நடந்தது.

“யாராவது உதவி செய்தார்களா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “என் மகள் எழுத்துப்பிழை திருத்தினாள். இவள்தான்” என்றேன். பக்கத்தில் திவ்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கருத்து?”

“என்னுடையது. ஆதாரம் இருக்கிறது மேடம்.” போனை எடுத்து மேசையில் வைத்து, பதிவுகளின் வரிசையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்றை ஓட விட்டேன். என் குரல், குக்கர் விசில்.

“இது தமிழா?”

“ஆமாம்.”

“எனக்கு எப்படிப் புரியும்?” என்றார் அவர். “தமிழ் தெரிந்த ஆசிரியர் மெயின்லேண்டுக்குப் போயிருக்கிறார். வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் மதிப்பெண் அனுப்பும் தேதி முடிந்துவிடும்.”

திவ்யா நான் மொழிபெயர்க்கிறேன் என்றாள். மேடம் தலையை ஆட்டினார். “நீ மகள். நீ சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?” கொஞ்சம் யோசித்துவிட்டு மணியை அடித்தார். உள்ளே வந்த அலுவலக உதவியாளரை எனக்குத் தெரியும், பெயர் யோகராஜ். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய தமிழர்கள்.

“யோகராஜ், இந்தப் பெண் இந்தியில் சொல்வது, போனில் வருவதோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் சொல்லுங்கள்.”

“ஜி மேடம்” என்றுவிட்டு என்னைப் பார்த்து, “பயப்படாதீங்க தங்கச்சி. உள்ளது உள்ளபடி சொல்லுவேன்” என்றார்.

எதைக் கேட்பது என்று மேடம் தானே தேர்ந்தெடுத்தார். அது நியாயம்தான். நான் எடுத்துக் கொடுத்தால் தயார் செய்தது என்று நினைக்கலாம். அவர் விரல் பட்டியலில் மேலும் கீழும் போய் ஒன்றில் நின்றது. பதினோராவது.

“அது வேண்டாம் மேடம்” என்று சொல்லிவிட்டேன்.

“ஏன்?”

“அதில் வீட்டு விஷயம் இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நேரம் இல்லாத சந்தேகம் வந்துவிட்டது. திவ்யாவும் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் நான்கு வருஷப் படிப்பும் அந்த அறையிலேயே முடிந்துவிடும். இருந்தால் என் பிள்ளை அதைக் கேட்பாள். கேட்பது மட்டுமில்லை, தன் வாயால் சொல்லவும் வேண்டும்.

“சரி. போடுங்கள்” என்றேன்.

முதலில் அங்கன்வாடி விஷயம் வந்தது. தண்ணீர் கேட்பது, விழுந்தால் அழுவது. திவ்யா வரிக்கு வரி நிறுத்தி இந்தியில் சொன்னாள். யோகராஜ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேடம் என் கட்டுரைத் தாளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு அது வந்தது.

‘அது சரி. ஆனா, நான் ஊருக்கெல்லாம் எழுதுறேன். என் புள்ளை எதுல அழுவுறா? இந்தில. கோவம் வந்தா இந்தி, சந்தோசம் வந்தா இந்தி. தமிழ் எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. அவ எங்கிட்டேருந்து போயிட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. நான் பகல் பூரா முப்பது புள்ளைங்களோட நாலு பாசையில பாட்டுப் பாடிட்டு வீட்டுக்கு வருவேன். வாய் வலிக்கும். இவ வந்து பக்கத்துல உக்காருவா, ஏதாவது கேப்பா. ம்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அவ பக்கத்து வீட்டுக்குப் போயிப் பேசப் பழகினா. நான்தான் அவளுக்குப் பேச்சுக் கொடுக்கல.’

திவ்யா ‘வாய் வலிக்கும்’ வரை இந்தியில் சொன்னாள். அங்கே நிறுத்தினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யோகராஜ் மெல்ல, “மிச்சத்த நான் சொல்லட்டுமா புள்ள?” என்றார்.

“வேணாம் அங்கிள். மே போலூங்கி, நானே சொல்றேன்.” மூச்சை இழுத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னாள். ‘நான்தான் அவளுக்குப் பேச்சுக் கொடுக்கவில்லை’ என்பதை இந்தியில் சொல்லும்போது மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

மேடம் யோகராஜைப் பார்த்தார்.

“அப்படியேதான் மேடம்” என்றார் அவர். “ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.”

மேடம் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, “கருத்து உங்களுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை” என்றார். “ஆனால் நான் மேலே எழுத வேண்டும். ஆங்கிலமும் உங்களுடையதுதான் என்று எப்படி எழுதுவேன்?”

“இப்போதே ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். நீங்களே தலைப்புக் கொடுங்கள். எழுதுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் பேசிக்கொள்ள விடுங்கள். அது இல்லாமல் எனக்கு வராது.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். மெயின்லேண்ட் எவ்வளவு தூரம் என்று தலைப்பு கொடுத்தார். மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார்.

முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தனக்குத்தானே பேசிக்கொள்வது எவ்வளவு கூச்சம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். போனில் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினேன். என் அம்மா இறந்தது மழைக்காலத்தில். அன்று கப்பல் இல்லை, விமானத்தில் இடம் இல்லை. எட்டாவது நாள்தான் போய்ச் சேர்ந்தேன். ‘முகத்தைப் பாக்கலையேன்னு எல்லாரும் சொன்னாங்க. அது சரி. ஆனா எனக்கு அதைவிட வலிச்சது வேற. நான் போறப்ப வீட்டுல எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்க. நான் ஒருத்திதான் புதுசா அழுதேன்.’ அதைத் திருப்பிக் கேட்டேன். உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பிழைகள் இருந்தன. மேடம் படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோப்பில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

6

வெளியே வந்து ஃபீனிக்ஸ் பே படகுத்துறை வரை நடந்தோம். திவ்யாவுக்குப் பிற்பகல் படகு. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது உனக்காகப் பேசலடீ. கட்டுரைக்காகப் பேசினது” என்றேன்.

“மாலூம் ஹை, தெரியும்.” டீயை ஊதினாள். “மம்மி, ஒண்ணு சொல்லவா? நீ எழுதினது கலத் ஹை. தப்பு.”

“எது?”

“அழுவுற பாஷைதான் அவங்க பாஷைன்னு எழுதியிருக்க பாரு, அது. யாராவது அழுவும்போது கோன்ஸா பாஷா, எந்த பாஷைன்னு யோசிச்சு அழுவாங்களா? யார் கேக்கணுமோ அவங்களுக்குப் புரியுற பாஷைல அழுவாங்க. உன் செண்டர்ல விழுந்த புள்ளைக்கு அவன் அம்மா வேணும், அதான் ஆயோன்னு கூப்பிடுது. நான் இந்தில அழுதேன்னா, அப்ப பக்கத்துல இருந்தவங்க இந்திக்காரங்க. பஸ், அவ்வளவுதான்.”

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“ஹேவ்லாக்ல முதல் மாசம் ஒரு கெஸ்ட் எல்லார் முன்னாடியும் கத்திட்டான். துணி வைக்கிற ரூமுக்குள்ள போயி அழுதேன். அங்க யாருமே இல்ல. அப்ப அம்மான்னுதான் சொன்னேன். மம்மின்னு சொல்லல.” டம்ளரைக் கீழே வைத்தாள். “நீ பேசலன்னு நான் நெனச்சதே இல்ல. மம்மி தக் கயீ, டயர்டா இருக்கான்னு நெனச்சேன். இத்தன வருஷமா நீ இதை மனசுல வெச்சிருக்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். போன்கிட்ட சொல்லியிருக்க, என்கிட்ட சொல்லல.”

அது குற்றச்சாட்டா, வருத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கிக்கொள்ளவில்லை. படகுக்கு அழைத்தபோது எழுந்து போய், வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்து, “மார்க் வந்ததும் சொல்லு” என்று தமிழில் கத்தினாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் போனை எடுத்தேன். கராச்சர்மா வரும் வரை, ‘திவ்யா சொல்றது சரி. அப்ப நான் எழுதினது?’ என்ற ஒரு வரிதான் பதிவானது.

7

கட்டுரை தேறிவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒன்றும் எழுதவில்லை.

அதே தாளுக்கான ஆண்டுத் தேர்வில் போன் கிடையாது. வினாத்தாளைப் பார்த்ததும் என் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. அறைக் கண்காணிப்பாளர் வந்து நின்று, “பேசக் கூடாது” என்றார். வாயை மூடிக்கொண்டேன். விடைத்தாளின் பின்பக்கத்தில், எண்ணங்களைக் குறித்துக்கொள்ளும் இடத்தில், தமிழில் ‘அது சரி’ என்று ஒரு பக்கமும் ‘ஆனா’ என்று ஒரு பக்கமும் எழுதி நடுவில் கோடு போட்டேன். கேள்வி சிறு குழந்தைகளின் கல்வியைப் பற்றியது. முதல் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் படகுத்துறையில் என் மகள் சொன்னதை எழுதினேன். குழந்தைக்கு எது மொழி என்று பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டாம், கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று கட்டுரையை முடித்தேன். நான் முன்பு எழுதியதற்கு நேர் எதிராக எழுதுகிறேன் என்று தெரிந்துதான் எழுதினேன்.

பட்டம் வந்தது. பள்ளிச் சான்றிதழில் இந்திராணி, பட்டத்தில் இந்திரா என்று இருந்ததால் இரண்டும் ஒருத்திதான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, மூன்று அலுவலகம் அலைந்து, பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நேர்காணலில் இந்தியில் ‘போகிறேன்’ என்பதை ‘ஜாத்தா ஹூம்’ என்று ஆண்பாலில் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, திருத்தி, தொடர்ந்து பேசினேன்.

வேலை கிடைத்தது. இடம் திக்லிபூர். தெற்கே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வடக்குக் கோடிக்கு ஒரு முழு நாள் பேருந்துப் பயணம். இவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், “அங்க வாடகை வீட்டுல வயரிங் எப்படி இருக்கோ, நான் வந்து பாத்துட்டுதான் நீ குடி போகணும்” என்றார். அவர் சம்மதித்த விதம் அது. இரண்டு நாள் தங்கி எல்லா சுவிட்சையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் முதல் மேற்பார்வைக்குப் போனேன். வயலுக்கு நடுவில், பாக்கு மரங்களுக்குப் பின்னால் ஒரு அங்கன்வாடி. புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அழுதது. அந்த மையத்துப் பணியாளர் பயந்துபோய், “மேடம், தினமும் இப்படி இல்லை, இன்றைக்குத்தான்” என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்குப் போய்க் கீழே உட்கார்ந்தேன். குழந்தை என்னென்னவோ சொல்லி அழுதது. கொஞ்சம் வங்காளம், கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்ததற்குப் பதில் சொன்னேன், புரியாததற்குத் தலையை ஆட்டினேன். அது அழுது முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அதுவே என் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

அப்பா வங்காளி, அம்மா தெலுங்கு என்று பணியாளர் சொன்னார். குழந்தையின் படிவத்தை எடுத்து நீட்டினார். எல்லாம் நிரப்பியிருந்தது. தாய்மொழி என்ற கட்டம் மட்டும் காலி. “எதை எழுதுவதென்று தெரியவில்லை மேடம். நீங்களே சொல்லுங்கள்.”

பேனாவை வாங்கி வங்காளம் என்று எழுதினேன். பிறகு தெலுங்கு. பிறகு இந்தி. கட்டம் சின்னது, மூன்றாவது கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு வந்துவிட்டது.

“மேடம், ஏக் ஹீ லிக்னா ஹை” என்றார் அவர் பதறி. ஒன்றுதான் எழுத வேண்டுமாம். “மேலே ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

“அனுப்பட்டும்” என்றேன். “திரும்ப இதையே எழுதுவேன்.”

கீழே மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டேன்.